லீசெஷில் லாப்ஸ்டர் சஃபாரி: சாப்பாட்டுக்கு மூன்று, பேச்சுக்கு ஐந்து

ஸ்வீடனின் மேற்குக் கரையில் செப்டம்பர் 20-க்கு அடுத்து வரும் முதல் திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கு லாப்ஸ்டர் சீசன் திறக்கிறது. அன்றைக்கு கோத்தன்பர்க்கில் எங்கள் ஆபீசில் லீவு கேட்டு வரும் மெயில்களைப் பார்த்தால் ஏதோ தீபாவளி மாதிரி இருக்கும். அப்புறம் நவம்பர் வரைக்கும் 'லாப்ஸ்டர் சஃபாரி' என்று ஒரு வியாபாரம் ஓடுகிறது. லைசென்ஸ் உள்ள மீனவரின் படகில் ஏறி, கூண்டு இழுப்பதைப் பார்த்து, கை வைக்க ஆசை இருந்தால் நாமும் இழுத்து, கரைக்கு வந்து பிடித்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். தூத்துக்குடியிலிருந்து அப்பா வந்திருந்ததால் நாங்களும் ஒன்றில் போனோம். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தக் கரையில் பத்துப் பேர் கிட்டத்தட்ட இதையேதான் செய்கிறார்கள், குறைகளும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் காசு. படகு, மிதவை அங்கி, காபி, கடைசியில் ஆளுக்குப் பாதி லாப்ஸ்டர் எல்லாம் சேர்ந்து தலைக்கு இரண்டாயிரம் குரோனருக்குக் கொஞ்சம் மேல். அப்பா அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிடக் கூடாதே என்று வழி முழுக்கப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன். சாப்பாட்டுக்காக மட்டும் போகிறவர்களுக்கு இது வீண் செலவு. மார்க்கெட்டில் வாங்கி வீட்டில் அவித்துக்கொள்ளலாம். நான் நல்ல மதிப்பெண் போடுவது படகில் நடந்த ஒரு பேச்சுக்காக. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

படகு கிளம்பும் ஊரின் பெயர் லீசெஷில் (Lysekil). கோத்தன்பர்க்கிலிருந்து அங்கே காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நடுவில் குல்மர் ஃபியோர்டை, அதாவது நிலத்துக்குள் நீளமாக நுழைந்திருக்கும் கடலை, கடக்க மஞ்சள் நிற அரசுப் படகு இருக்கிறது, காரோடு ஏற்றிக்கொள்ளும், காசு கிடையாது. இந்த ஃபியோர்டு நூறு மீட்டருக்கு மேல் ஆழம். வாய்ப்பகுதியில் மட்டும் பாறை மேடு தூக்கி நிற்பதால் அடியில் குளிர்ந்த உப்புத் தண்ணீர் தங்கிவிடும். அதனால்தான் இவ்வளவு உயிர்கள். 1983-லிருந்து காப்பகம். எதிர்க்கரையில் இருக்கும் கிறிஸ்டினெபெர்க் கடலாய்வு நிலையம் 1877-ல் தொடங்கியது. நம் கதைக்கு இந்த ஃபியோர்டுதான் களம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

படகில் ஏறியதும் ஆரஞ்சு நிற மிதவை அங்கியைக் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் இன்னொரு ஆள் சேர்ந்து நுழையலாம். குள்ளமானவர்கள் முன்கூட்டியே அளவு சொல்லிவிடுங்கள். தீவுகள் எல்லாம் மொட்டைப் பாறை, மரம் இல்லை, இளஞ்சிவப்பு கிரானைட். ஒரு மிதவைப் பந்தைக் கொக்கியால் இழுத்து, கயிற்றை வின்ச்சில் மாட்டினால், சொட்டச் சொட்டக் கூண்டு மேலே வரும். உள்ளே உப்பு போட்ட மீன்தான் இரை. அந்த நாற்றத்தை முகர்ந்ததும் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் பிளான்டில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர் ஆயிற்றே.

முதல் கூண்டில் பெரிய நண்டு இரண்டு. அடுத்ததில் வண்ண வண்ணமாய்ச் சில சின்ன மீன்கள். அடுத்தது காலி. ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு ஜோடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. விளம்பரப் படத்தில் கூண்டு நிறைய லாப்ஸ்டர் காட்டுகிறார்கள். உண்மையில் அப்படி வருவது கிடையாது. இந்தக் கடலில் லாப்ஸ்டர் அவ்வளவு குறைந்துவிட்டதால் 2017-லிருந்து சட்டத்தை இறுக்கியிருக்கிறார்கள். பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறவருக்கு ஆறு கூண்டு, தொழில் செய்கிறவருக்கு நாற்பது. தலை ஓடு கண்குழியிலிருந்து பின்விளிம்பு வரை ஒன்பது சென்டிமீட்டர் இருந்தால்தான் எடுக்கலாம். சினை இருந்தால் எந்த அளவானாலும் திரும்பக் கடலில் விட வேண்டும்.

நாலாவது கூண்டில் வந்தது. நம்மூர் சிங்கி இறாலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வேறு பிராணி. நம்முடையதற்குக் கொடுக்கு கிடையாது, நீள மீசையும் முள்ளும்தான். இதற்கு இரண்டு பெரிய கொடுக்கு, ஒன்று தடித்து நொறுக்குவதற்கு, மற்றது மெலிந்து கிழிப்பதற்கு. நிறம் சிவப்பு இல்லை. கருநீலம், மையைக் கொட்டின மாதிரி, பக்கவாட்டில் மஞ்சள் புள்ளிகள். சிவப்பு நிறமி உள்ளேதான் இருக்கிறது, ஒரு புரதம் அதைப் பிடித்து நீலமாகக் காட்டுகிறது, வெந்நீரில் அந்தப் பிடி விட்டதும் சிவந்துவிடுகிறது.

படகில் மீனவரோடு ஓர் இளம்பெண் வந்திருந்தாள். கடல் உயிரியல் படிப்பவள், சீசனில் வழிகாட்டி வேலை. மீனவர் காலையிலிருந்து பேசின வார்த்தைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். இவள் அதற்கும் சேர்த்துப் பேசினாள். அந்த லாப்ஸ்டரைப் புரட்டி வயிற்றைக் காட்டினாள். வாலின் அடியில் துடுப்புக் கால்களில் கரும்பச்சை மணிகள், கடுகை ஒட்டி வைத்த மாதிரி, ஆயிரக்கணக்கில். புது முட்டை இப்படிக் கறுப்பாக இருக்குமாம். பொரிக்கிற காலம் நெருங்கினால் வெளுத்து, உள்ளே கண் புள்ளி தெரியுமாம். "இதை விட்டுவிட வேண்டும், ஆனால் விடும் முன்பு மூக்கைப் பார்ப்போம்" என்று கண்களுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் கூரான மூக்கின் அடிப்பக்கத்தை விரலால் தடவினாள். எங்களையும் தடவச் சொன்னாள். வழவழ என்று இருந்தது. "முள் தட்டினால் எனக்கு வயிற்றைக் கலக்கும்" என்றாள். ஏன் என்று கேட்டதில்தான் கதை ஆரம்பித்தது.

முள் இருந்தால் அது அமெரிக்க லாப்ஸ்டர். அட்லான்டிக்கின் அந்தக் கரையில், கனடா, அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் பக்கத்தில் இருப்பது. உயிரோடு விமானத்தில் ஐரோப்பாவுக்கு வருகிறது, வருடத்துக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேல். அதில் சிலது எப்படியோ கடலுக்குள் போய்விடுகிறது. கடலில் கட்டிப்போட்ட பெட்டியிலிருந்து தப்பியிருக்கலாம், யாராவது இரக்கப்பட்டு விட்டிருக்கலாம். கொடுக்கில் ரப்பர் பட்டை மாட்டின நிலையிலேயே பிடிபட்டவையும் உண்டு. நார்வேயில் 1999-ல் முதலில் பார்த்தார்கள், ஸ்வீடனில் 2008-ல். 2014-ல் இந்த குல்மர் ஃபியோர்டில் மட்டும் இருபதுக்கு மேல் கிடைத்தது. அவற்றில் சில பெண்கள் சினையோடு இருந்தன. முட்டையை மரபணுச் சோதனைக்கு அனுப்பினால், தாய் அமெரிக்கா, தகப்பன் இந்த ஊர்.

எப்படி இது நடக்கும் என்று அப்பா கேட்டார், நான் மொழிபெயர்த்தேன். அதற்கு அவள் சொன்ன பதில் படகுக் காசில் பாதிக்குத் தாங்கும்.

லாப்ஸ்டரில் ஆண்தான் வீடு வைத்திருப்பவன். பாறை இடுக்கில் நல்ல குகையாகப் பிடித்து, அக்கம்பக்கத்து ஆண்களோடு சண்டை போட்டு, யார் பெரியவன் என்று தீர்த்துவைத்திருப்பான். தோற்றவன் ஜெயித்தவனை மூத்திர வாசனையிலேயே ஞாபகம் வைத்துக்கொண்டு, பல நாளைக்கு அவனோடு மறுபடி மோதாமல் ஒதுங்கிப் போவான். லாப்ஸ்டருக்கு மூத்திரம் வருவது முகத்திலிருந்துதான், மீசைக்கு அடியில் இரண்டு துவாரம். முன்னால் இருப்பவன் முகத்தில் நேராகப் பீய்ச்சும். சேதி சொல்லும் முறை அது. ஓடு கழற்றும் நேரம் நெருங்கிய பெண், அந்த வட்டாரத்தில் பெரியவனாக இருப்பவனின் குகை வாசலுக்குத் தானே போகும். வாசலில் நின்று தன் வாசனையை உள்ளே விடும். அடித்துத் துரத்த வந்தவன் அந்த வாசனையில் சாந்தமாகிவிடுவான்.

"ஏட்டி, பொண்ணு பாக்க பொண்ணே மாப்பிள்ளை வீட்டுக்குப் போகுதாக்கும்?" என்றார் அப்பா. இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது? விட்டுவிட்டேன். சிரிப்பை மட்டும் அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள்.

உள்ளே போன பெண் சில நாள் அங்கேயே தங்கும். ஒருநாள் பழைய ஓட்டைக் கழற்றும். அந்த நேரத்தில் உடம்பு ஜெல்லி மாதிரி, நிற்கக்கூட முடியாது, யார் வேண்டுமானாலும் தின்றுவிடலாம். ஆண் தின்பதில்லை. கொஞ்ச நேரம் பொறுத்திருந்து, நடக்கும் கால்களால் மெதுவாக அவளைத் தூக்கி மல்லாக்கப் புரட்டி இணைவான். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். புது ஓடு இறுகும் வரை, ஒரு வாரம் போல, அவனுடைய குகையில் காவலில் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். அடுத்த பெண் வாசலுக்கு வருவாள். பெரியவனிடம் ஒவ்வொருவராக முறை வைத்துக்கொள்வது அமெரிக்க இனத்தில் நன்றாகவே பார்த்து எழுதப்பட்டிருக்கிறது. வாங்கிய விந்தைப் பெண் பையில் சேமித்து வைத்துக்கொண்டு, மாதங்கள் கழித்து முட்டை இடும்போது பயன்படுத்தும். இட்ட முட்டையை அப்புறம் கிட்டத்தட்ட ஒரு வருடம் வாலடியில் சுமக்கும்.

இரண்டு இனத்துக்கும் இந்த நாடகம் பெரும்பாலும் ஒன்றேதான். அட்லான்டிக் குறுக்கே கிடந்ததுதான் தடை, உடம்பில் தடை இல்லை. ஆய்வுக்கூடத் தொட்டியில் இரண்டையும் சேர்த்துக் கலப்புக் குஞ்சு எடுத்தது 1970-களிலேயே நடந்தது. அந்தத் தடையை விமானச் சரக்கு எடுத்துப் போட்டுவிட்டது. இந்த ஃபியோர்டில் ஒரு குகை வாசலில் கனடாப் பெண் வந்து நின்றாள், உள்ளே இருந்தவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவ்வளவுதான்.

எனக்கு இதில் பிடித்தது, வழிகாட்டிப் பெண் பயமுறுத்தாமல் சொன்ன விதம். நோய்தான் முதல் கவலையாம். அமெரிக்க லாப்ஸ்டர்களோடு கஃப்கேமியா என்ற பாக்டீரியா நோய் வந்தது, ஐரோப்பிய இனம் அதைத் தாங்காது. அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் நியூ இங்கிலாந்தின் தெற்குப் பக்கத்தில் 1990-களின் கடைசியிலிருந்து லாப்ஸ்டரின் மேலோட்டை அரிக்கும் நோய் ஒன்றும் இருக்கிறது. அப்புறம் போட்டி. அமெரிக்க இனம் பாறை இல்லாத சேற்றிலும் குழி தோண்டிக் குடியேறும். உடம்பும் பெரிதாக வளரும், 1977-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிடித்தது 20 கிலோவைத் தாண்டியது. கலப்பு மூன்றாவது. இங்கே பெண்கள் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் முட்டையிடுகின்றன. அந்த ஒரு முறையும் வெளியூர் ஆளோடு போய்விட்டால் இந்த ஊர் இனத்துக்கு ஒரு முறைக்கான குஞ்சுகள் நஷ்டம். குஞ்சு வளர்ந்து மறுபடி இங்கேயே இணைந்தால், பல்லாயிரம் வருடமாக இந்தக் குளிர்க்கடலுக்குப் பழகிய வம்சம் மெல்லக் கலைந்துவிடும்.

அதுவும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அசல் அமெரிக்கன் என்றால் மூக்கடி முள், வயிற்றுப் பக்கத்திலும் கொடுக்கின் அடியிலும் ஆரஞ்சுச் சாயல் (ஐரோப்பியனுக்கு அங்கே வெளிறிய மஞ்சள்). கலப்பு என்றால் இரண்டுக்கும் நடுவே எப்படி வேண்டுமானாலும் இருக்கும். முட்டையோ எல்லாம் ஒரே கறுப்பு. கோத்தன்பர்க், இங்கிலாந்தின் எக்ஸ்டர் பல்கலைக்கழகங்களின் ஆட்கள் 2020-ல் மரபணு அடையாளங்களை வைத்துக் கலப்பைப் பிரித்துச் சொல்லும் முறையை வெளியிட்டார்கள். அதனால் சந்தேகம் வந்த எதையும் மீனவர்கள் கடலில் போடாமல் ஆராய்ச்சிக்காரர்களிடம் கொடுக்க வேண்டும் என்பது இங்கே பாடம். அதுவரை வாய் திறக்காத மீனவர் இந்த இடத்தில் தலையாட்டினார்.

2016-ல் ஸ்வீடன் ஐரோப்பிய ஒன்றியத்திடம், அமெரிக்க லாப்ஸ்டரை ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் சேர்த்து உயிரோடு கொண்டுவருவதைத் தடுங்கள் என்று கேட்டது. ஒன்றியத்தின் அறிவியல் குழு வாதத்தை ஒப்புக்கொண்டது. கனடாவும் அமெரிக்காவும் குதித்தன, இத்தனை வருடத்தில் ஸ்வீடனில் கிடைத்தது முப்பத்துச் சொச்சம்தானே என்றன. அந்த வருடக் கடைசிக்குள் ஒன்றியம் ஸ்வீடன் கேட்டதைத் தள்ளிவிட்டது. ஒன்றியத்தில் இல்லாத நார்வே தன்பாட்டில் தடை போட்டுக்கொண்டது. என் கட்சி ஸ்வீடன் கட்சிதான். முப்பது என்பது பிடிபட்ட கணக்கு. கடலடியில் ஓடி ஒளிகிற பிராணியில் கூண்டுக்கு வராதது எவ்வளவு என்று யார் எண்ணினார்கள்?

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. 2015-ல் பிரைட்டன் கடலில் ஒரு பௌத்தச் சடங்குக்காக, உயிரை விடுவிக்கும் புண்ணியம் என்று, 361 அமெரிக்க லாப்ஸ்டரையும் 35 வெளிநாட்டு நண்டையும் வாங்கி வந்து விட்டார்கள். அரசு மீனவர்களுக்குக் காசு கொடுத்துத் திரும்பப் பிடிக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. 2017-ல் நீதிமன்றம் அபராதமும் நஷ்டஈடும் விதித்தது. மீன் வாங்கிக் குளத்தில் விட்டுப் புண்ணியம் தேடும் பழக்கம் உள்ள நம் ஆட்களும் இதைக் கேட்டுவைப்பது நல்லது.

கடைசியாக வழிகாட்டிப் பெண் அந்தச் சினை லாப்ஸ்டரைக் குனிந்து தண்ணீருக்குள் கையாலேயே இறக்கிவிட்டாள், தூக்கிப் போடவில்லை. எங்கள் படகுக்கு எடுக்கிற அளவில் கிடைத்தது மொத்தம் மூன்று. பன்னிரண்டு பேருக்கு மூன்று போதாதே என்றால், கரையில் கடலுக்குள் மிதக்கும் மரப்பெட்டியில் முந்தைய நாட்களின் பிடிப்பைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், அதிலிருந்து எடுத்தார்கள். அதில் தவறில்லை. ஆனால் முன்பதிவுப் பக்கத்தில் 'நீங்கள் பிடித்ததை நீங்களே சாப்பிடலாம்' என்று போடக் கூடாது.

இனி சாப்பாடு. குளிர்ந்த பாதி லாப்ஸ்டர், ரொட்டி, பூண்டு மயோனைஸ், உள்ளூர்ப் பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட 'பை' (pie). கறி இனிப்பாக, உறுதியாக இருந்தது. கொடுக்குக் கறி அதைவிட மென்மை. வால் மட்டும் ஒரு நிமிடம் கூட வெந்துவிட்டது, இழுவையாக இருந்தது. தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஒரே ஒரு கீற்று, கேட்டாலும் முகத்தைப் பார்க்கிறார்கள். அப்பா பையிலிருந்து மிளகாய்ப் பொடியை எடுத்தபோது நான் தடுக்கவில்லை. எதிர் நாற்காலி ஜெர்மன்காரர் வாங்கிப் போட்டுக்கொண்டு வியர்த்தார்.

வெந்தபின் இரண்டு இனமும் சிவப்புத்தான், ஆனால் மூக்கடி முள் வெந்தாலும் போகாது. அதனால் தட்டிலிருந்த தலையைப் புரட்டிப் பார்த்தேன். வழவழ. ஆனால் முதலில் வந்த சூப்பில் மிதந்த துண்டுகள் பற்றிக் கேட்டபோது, பரிமாறின பையன் நேர்மையாகவே சொல்லிவிட்டான்: உறைந்தது, கனடாவிலிருந்து வந்தது. படகில் அவ்வளவு நேரம் பேசிவிட்டுக் கரையில் இதுவா என்று எனக்கு எரிச்சல்தான். உறைந்த கறி கடலில் போய்க் குடித்தனம் நடத்தாது, ஆபத்து இல்லை, சரி. மெனுவில் 'மேற்குக் கரை லாப்ஸ்டர் சூப்' என்று எழுதியிருந்ததுதான் எனக்கு ஒட்டவில்லை. இதற்கு ஒரு நட்சத்திரம் கழித்தேன். வால் வெந்ததற்கு இன்னொன்று.

போகிறவர்களுக்குச் சில விஷயம். படகில் கழிவறை என்று ஒன்று இருக்கிறது, நம்பிப் போகாதீர்கள். குமட்டல் உள்ளவர்கள் காலையிலேயே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். தீவுகளுக்கு வெளியே போனதும் படகு நன்றாகவே ஆடும். எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் போரடிக்கும், இணையும் கதையும் கேட்கத் தோதில்லை. கைக்கு ரப்பர் உறை தருகிறார்கள், அடியில் சொந்தக் கம்பளி உறை ஒன்று போட்டுக்கொண்டால் விரல் தப்பிக்கும். முன்பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: ஆங்கிலத்தில் விளக்கம் சொல்கிற ஆள் படகில் வருவாரா, வெறும் மீனவர் மட்டுமா? சாப்பாடு இல்லாமல் படகுக்கு மட்டும் டிக்கெட் உண்டா? இரண்டாவதற்கு உண்டு என்றால் அதையே எடுங்கள், விலை கணிசமாகக் குறையும். மிச்சக் காசில் லீசெஷில் துறையிலேயே இருக்கும் ஹாவெட்ஸ் ஹூஸ் மீன்காட்சியகத்துக்குப் போகலாம். இந்த ஃபியோர்டின் பிராணிகளை அங்கே அங்கி போடாமலே பார்க்கலாம்.